கரை இல்லாத வேட்டி

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். மாடியில் பெரிய ஹால் காலியாகத்தான் கிடக்கிறது. மார்கழியில் யார் முகூர்த்தம் வைக்கிறார்கள்? ஆனாலும் கீழேயே போடச் சொல்லிவிட்டார் எம்.எல்.ஏ. மேலே மேடை இருக்கிறது. மேடை இருந்தால் ஏறுவார்கள், ஏறினால் பேசுவார்கள், பேசி முடித்ததும் பொன்னாடை. இன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

காவிரிக் கடைமடைப் பக்கத்துத் தொகுதி. வெளியே சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே பந்தி மேஜைகளில் இலைக்குப் பதிலாக வாக்காளர் பட்டியல். பாகம் பாகமாகப் பிரித்து, மூலையில் ஓட்டை போட்டு, டேக் நூலில் கட்டிவைத்த கட்டுகள். வந்திருப்பவர்கள் கிளைச் செயலாளர்கள், பூத் முகவர்கள், மகளிரணிக்காரர்கள். பெரியவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்றியச் செயலாளர் 'ஒன்றியம்', நகரச் செயலாளர் 'நகரம்'. "ஒன்றியம் டிபன் சாப்பிட்டாச்சா?" என்று நகரம் விசாரிக்கிறது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் என்னை யாரென்று எவரும் கேட்கவில்லை. பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்த கடை ஆள் என்று நினைத்திருக்கலாம். காபித் தட்டு வரும்போது எனக்கும் ஒரு டம்ளர் வருகிறது.

எம்.எல்.ஏ. சமையல்கட்டு வழியாக வருகிறார். வயது அறுபதை நெருங்குகிறது. இரண்டு முறை ஜெயித்தவருக்குரிய தொப்பை, ஒரு முறை தோற்றவருக்குரிய ஜாக்கிரதை. எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது வேட்டிதான். கரை இல்லை. கட்சிக் கரை இல்லாத வேட்டியில் அவரைப் பார்த்தவர்கள் அந்தக் கூடத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். சட்டைப் பையில் தலைவர் படம் மட்டும் வழக்கம்போல வெளியே தெரிகிறது. அதை எடுக்கச் சொல்லும் துணிச்சல் எந்தத் தேர்தல் வியூகத்துக்கும் வராது.

"நாப்பத்தொம்போது" என்கிறார், உட்காராமலே.

கூடம் விழிக்கிறது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "நாப்பத்தொம்போதாவது பாகம் நான்தாண்ணே. எல்லாம் நம்ம கையில இருக்கு" என்கிறார்.

"உட்காருங்க. நான் சொல்றது ராதாபுரம். 2016. இன்பதுரை ஜெயிச்சது 49 ஓட்டுல. தோத்த அப்பாவு கோர்ட்டுக்குப் போனாரு. அடுத்த தேர்தல்ல அதே தொகுதியில ஜெயிச்சு சபாநாயகராவே வந்தாரு, அது வேற. ஆனா நடுவுல அஞ்சு வருஷம் போச்சுல்ல?"

அடுத்து 137 என்கிறார்: 2021, தியாகராய நகர். பிறகு 281: அதே தேர்தல், மொடக்குறிச்சி. "மொடக்குறிச்சியில தோத்தது யாரு? சுப்புலட்சுமி ஜெகதீசன். 1996-ல அதே தொகுதியில 1033 பேரு நின்னாங்க. வாக்குச்சீட்டையே புஸ்தகமா அடிக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஜெயிச்ச அம்மா, 281 ஓட்டுல தோத்தாங்க."

கொஞ்சம் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்க்கிறார். "நம்ம தொகுதியில 300 பூத்துன்னு வைங்க. 137-ஐ 300-ஆல வகுத்துப் பாருங்க. பூத்துக்கு அரை ஓட்டு கூட வராது. இனிமே நாம தேடப்போறது அந்த அரை ஓட்டைத்தான்."

எதையும் தாளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஊர் ஊராக மற்றவர்கள் தோற்ற கணக்கெல்லாம் மனப்பாடம். தான் தோற்ற தேர்தலின் வித்தியாசத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதல் வேலை பட்டியல். 2025 நவம்பர் 4 தொடங்கி வீடு வீடாக நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் முடிந்து, டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியல்தான் மேஜை மேல் கிடக்கிறது. தமிழ்நாடு முழுக்க 6 கோடியே 41 லட்சமாக இருந்த பெயர்களில் ஏறத்தாழ 97 லட்சம் அதில் இல்லை. செத்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்று அதற்குக் கணக்குச் சொல்கிறது தேர்தல் ஆணையம். அதில் தன் தொகுதிக்கு விழுந்த பங்கு எவ்வளவு, அந்தப் பங்கில் தனக்கு விழவேண்டிய ஓட்டு எவ்வளவு என்பதுதான் எம்.எல்.ஏ.வுக்கு டிசம்பரிலிருந்து தூக்கம் வராத விஷயம்.

கீழத்தெரு பாகத்தின் முகவர் எழுந்திருக்கிறார். மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிற அக்கா. நாற்பது வயதுக்குள் இருக்கும். தன் கட்டை மேஜையில் விரித்து வைக்கிறார். காபி டம்ளரை வைக்கிற சாக்கில் எட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் பொடி எழுத்தில் ஒரு வரி. 'ஐப்பசியில் செத்தது.' 'திருப்பூர், பொங்கலுக்கு வரும்.' 'சிங்கப்பூர், சித்திரையில் லீவு.' 'மருமகள், பேரு அவங்க அம்மா ஊர்ல இருக்கு.' 'கோவிச்சுக்கிட்டு மக வீட்டுல.' 'கண்ணு தெரியாது, பேரன் கூட்டியாரணும்.' '85 தாண்டிருச்சு, 12டி.' வீட்டிலிருந்தே ஓட்டுப் போட விரும்பும் 85 வயது தாண்டியவர்களுக்கான படிவம் அது. அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு பெயருக்கு எதிரே வெறும் கேள்விக்குறி.

ஒன்றியத்துக்குத் திருப்தியில்லை. "கலர் அடிக்கலையாம்மா? நம்ம ஓட்டு பச்சை, அவங்க ஓட்டு சிவப்பு, நடு ஓட்டு மஞ்சள்னு சொல்லியிருந்தேன்ல?"

"அடிச்சா மறுவாரமே அழிக்கணும்ணே. ஒரே வீட்டுல மாமனார் ஒரு கலரு, மருமக ஒரு கலரு. நூறு நாள் வேலைக் காசு ஏறலைன்னா அந்த மருமகளும் வேற கலரு."

எம்.எல்.ஏ. கட்டை வாங்கி நின்றபடியே இரண்டு பக்கம் படிக்கிறார். கட்சி அனுப்பிய ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, வண்ணப் படங்களோடு, அவர் நாற்காலியில் பிரிக்காமலே கிடக்கிறது. அக்கா தொடர்கிறார்: "பேரு விட்டுப்போனவங்களுக்கு 6-ம் நம்பர் படிவம். வீடு மாறினவங்களுக்கு 8. திருப்பூர் பிள்ளைங்க பொங்கலுக்கு வந்தா மூணு நாளுதான் இருக்கும். கரிநாள் முடிஞ்சதும் பஸ் ஏறிடும். அதுக்குள்ள எழுதி வாங்கிடணும்." அந்த இடத்திலேயே பொங்கல் மூன்று நாளும் முகவர்கள் யாரும் மாமியார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவாகிறது. முணுமுணுப்பு எழுந்து அடங்குகிறது.

இரண்டாவது வேலை நேரம் ஒதுக்குவது. எம்.எல்.ஏ.வின் உதவியாளரிடம் ஒரு டைரி இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு. இடப்பக்கம் 'நல்லது', வலப்பக்கம் 'கெட்டது'. கல்யாணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கும்பாபிஷேகம் ஒரு பக்கம். சாவு, பதினாறாம் நாள் காரியம், படத்திறப்பு மறுபக்கம். வண்டியின் பின்னால் இரண்டு மாலை, ஒரு கட்டு துண்டு, ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய மொய்க் கவர்கள் எப்போதும் இருக்கும். ஐந்து வருஷமாக அவர் தொகுதிக்குள் சுற்றியதெல்லாம் இந்த டைரியின் இரண்டு பத்திக்குள் அடங்கிவிடும். "நல்லதுக்குப் போகலைன்னா கோவிச்சுக்குவாங்க. கெட்டதுக்குப் போகலைன்னா மறக்கவே மாட்டாங்க" என்பது அவர் அனுபவம்.

இப்போது டைரியில் புதுக் கோடுகள் போடப்படுகின்றன. காலை ஆறரைக்கு ஒரு டீக்கடை. ஒன்பதரைக்கு நூறு நாள் வேலை நடக்கிற இடம். மத்தியானம் யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம். மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை தெரு. "ஏழு மணிக்கு மேல அம்மாவே வந்தாலும் உள்ள கூப்பிட மாட்டாங்க. சீரியல் ஓடும்" என்கிறார் மகளிரணி அக்கா ஒருவர். அனுபவம் பேசுகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அறுவடை தொடங்கிவிட்டால் தெருவிலும் ஆள் இருக்காது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லோடு படுத்துக்கிடப்பார்கள். அங்கே போய் நின்றால் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிட்டது என்று திருப்பியனுப்பிய மூட்டைக்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே தெருவுக்குப் போவதெல்லாம் தை பாதிக்குள்.

மூன்றாவதுக்கு வரும்போதுதான் எம்.எல்.ஏ. உட்காருகிறார்.

"கொடி வேண்டாம். மைக் வேண்டாம். ஆரத்தித் தட்டு வேண்டாம். யாரும் கரை வேட்டி கட்டக் கூடாது. ஓட்டும் கேக்க வேண்டாம்."

"அப்ப எதுக்குண்ணே போறோம்?"

"திட்டு வாங்க."

சிரிப்பு கிளம்புகிறது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முன்வரிசையிலிருந்து அடங்கிப் பின்வரிசைக்குப் போகிறது.

"ஒவ்வொரு வீட்டுலயும் அஞ்சு வருஷக் கோபம் இருக்கு. அதை வாசல்லயே கொட்டிடணும். அங்க கொட்டலைன்னா நேரா மெஷின் பட்டன்ல போய் இறங்கும். கொடி பிடிச்சுப் போனா கொட்ட மாட்டாங்க, கும்பிடு போடுவாங்க. அதனாலதான் இப்பவே போறோம். யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. ஃபண்டு வரல, அதிகாரி கேக்கலன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. கேளுங்க, எழுதுங்க, கும்பிட்டு வந்துருங்க."

ஐ.டி. விங் தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அண்ணே, நீங்க திட்டு வாங்கறதை அப்படியே ரீல்ஸா போட்டா செம ரீச்சு!"

எம்.எல்.ஏ.வின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போகிறது. யோசிக்கிறார் என்பது நிச்சயம். பிறகு தலையை ஆட்டுகிறார். "வேண்டாம் தம்பி. கேமராவைப் பார்த்தா திட்ட மாட்டாங்க. பேட்டி கொடுக்க ஆரம்பிச்சுருவாங்க."

கடைசியாக ஒரு கிளைச் செயலாளர் தயங்கித் தயங்கி, "மத்த விஷயம்ணே…" என்கிறார்.

"மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவழிக்க ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 40 லட்சம். இரண்டரை லட்சம் வாக்காளர்கள் உள்ள தொகுதி என்றால் தலைக்கு 16 ரூபாய். ஒரு டீயோடு சரி. 'மத்த விஷயம்' இந்த 16 ரூபாய்க்குள் வருவதில்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதிக தூரம் போக வேண்டாம். 2016 மே மாதம் பணப் பட்டுவாடா புகாரில் ஆணையம் தேர்தலையே நிறுத்திய இரண்டு தொகுதிகளில் ஒன்று தஞ்சாவூர், மற்றொன்று அரவக்குறிச்சி. நவம்பரில்தான் அங்கே ஓட்டுப் பதிவு நடந்தது. அரை ஓட்டுக் கணக்கை விலாவாரியாகப் பேசிய கூடம், இந்தக் கணக்கு வந்ததும் பட்டியலைப் புரட்டத் தொடங்குகிறது.

திட்டத்தைச் சொல்லிவிட்டு ஆறப்போடுகிற ஆள் இல்லை அவர். அன்று மாலையே கீழத்தெரு. எம்.எல்.ஏ., ஒன்றியம், அக்கா, நோட்டோடு உதவியாளர். வண்டி முக்கத்திலேயே நிற்கிறது. பின்னால் நடந்து வரும் என்னை இப்போதும் யாரும் கேட்கவில்லை.

முதல் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போடுகிறார்கள். "வாங்கய்யா. எங்க தெருவுக்கெல்லாம் வந்திருக்கீங்க!" குறை ஏதாவது? "ஒரு குறையும் இல்லீங்கய்யா." இரண்டாவது வீட்டிலும் நாற்காலி, கூடவே குடிக்கக் கலர். மூன்றாவது வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டு ஐயாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார்கள். உதவியாளரின் நோட்டு வெள்ளையாகவே இருக்கிறது. வழக்கமான பிரசாரம் என்றால் இந்நேரம் ஒன்றியம், "தெரு நம்ம பக்கம்ணே" என்று காதோடு சொல்லியிருப்பார். எம்.எல்.ஏ.வின் முகம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நான்காவது வீட்டு வாசலில் ஒரு கிழவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார். நிமிரவில்லை.

"ஆயா, எம்.எல்.ஏ. வந்திருக்காங்க" என்கிறார் அக்கா.

"நமக்கு எம்.எல்.ஏ. இருக்காங்களா?"

முறம் நிற்கவில்லை. தவிடு பறந்து வெள்ளை வேட்டியில் படிகிறது. எம்.எல்.ஏ. தள்ளி நிற்காமல் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்கிறார்.

"கார்த்திகையில எங்க வூட்டுக்காரு போயிட்டாரு. சுடுகாட்டுக்கு எப்படித் தூக்கிட்டுப் போனாங்கன்னு தெரியுமாய்யா? வரப்பு ஒரு ஆளு அகலம். பாடையைத் தூக்குறது நாலு பேரு. ரெண்டு பேரு வயலுக்குள்ள இறங்கித்தானே ஆகணும்? முட்டிக்கால் சேறு. பயிரை மிதிக்காதேன்னு இடத்துக்காரன் அங்கேருந்து கத்துறான். வாய்க்கால்ல எறங்குறப்ப பாடை ஒருபக்கமா சாய்ஞ்சு போச்சு. எம் மவன் தலைப்பக்கம் புடிச்சுக்கிட்டான்." அரிசியை ஒருமுறை சுண்டிப் புடைக்கிறார். "நீங்க வந்தீங்க. இல்லேங்கல. மத்தியானமே வந்து மாலை போட்டுட்டுப் போயிட்டீங்க. மாலை பெருசாத்தான் இருந்துச்சு."

டைரியின் வலப்பக்கத்தில் டிக் அடித்து முடித்த ஒரு சாவு. உதவியாளர் நோட்டை மடக்கவா எழுதவா என்று தெரியாமல் நிற்கிறார்.

எம்.எல்.ஏ. தன் சட்டப்படியே வாய் திறக்கவில்லை. ஒன்றியத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆயா, அது பட்டா நிலம். இடத்துக்காரரு எழுதிக் கொடுத்தாத்தானே பாதை போட முடியும்? எம்.எல்.ஏ. நிதியில வாய்க்காலுக்குச் சிறுபாலம் போட நாங்க எப்பவோ தயார்…"

"இடத்துக்காரரு யாருன்னு உன்னைத்தான்யா கேக்கணும். உன் மச்சான்தானே?"

ஒன்றியம் தெருக்கோடியில் யாரையோ தேடுகிறவர் மாதிரி பார்க்கிறார். எம்.எல்.ஏ. திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். ஒரு வாய்க்காலைத் தாண்டும் சிறுபாலத்துக்கு அதில் இடமில்லாமல் போகாது. இடையில் இருப்பது வேறு கணக்கு. ஒரு பக்கம் கீழத்தெருவின் ஒரு பாகம். மறுபக்கம் ஒன்றியம் முழுக்க உள்ள பாகங்களைக் கையில் வைத்திருக்கும் மனிதரின் மச்சான். ஐந்து வருஷமும் இந்தக் கணக்குக்கு ஒரே விடைதான் வந்திருக்கிறது.

"தப்புத்தான் ஆயா" என்று மட்டும் சொல்லி எழுந்திருக்கிறார். கிழவி முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கிறார். நம்பினாரா என்று அந்தப் பார்வையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

செய்தி முன்னாலேயே ஓடிவிட்டது போல. அதற்கப்புறம் நாற்காலிகள் வரவில்லை. குடிதண்ணீர் வராத குழாய், முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட்ட மனு, ராத்திரியில் எரியாத விளக்கு. நோட்டு நிறைகிறது. ஏழு அடிப்பதற்குள் தெரு முடிந்துவிடுகிறது.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று அக்கா கட்டைப் பிரித்துக் கணக்குப் பார்க்கிறார். போனது முப்பது வீட்டுக்குக் கொஞ்சம் மேல். வாய்விட்டுத் திட்டியது ஒன்பது.

"அந்த ஒன்பதும் பரவாயில்ல. வரும். வராட்டியும் ஏன் வரலைன்னு நமக்குத் தெரியும்" என்கிறார் எம்.எல்.ஏ. "கலர் குடுத்துச் சிரிச்சு அனுப்பினாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பயம். அந்த வீட்டுக்கெல்லாம் நாளைக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் வந்தா சேர் போடுறாங்க."

"சரிண்ணே. ஆயாவுக்கு என்ன சொல்றது?"

"இடத்துக்காரர்கிட்ட பேசிட்டிருக்கோம்னு சொல்லுங்க" என்று ஒன்றியம் முந்திக்கொள்கிறார்.

"போன எலெக்‌ஷனுக்கும் அதைத்தாண்ணே சொன்னோம்."

எம்.எல்.ஏ. வேட்டியில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிடுகிறார். "ஒன்றியம், உங்க மச்சான் காலையில எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பாரு?"

"நீங்க எதுக்குண்ணே அலையணும்? நானே பேசிடறேன்."

"நீங்க பேசுனதுக்குத்தான் அந்தம்மா இப்ப என்னைப் பேசுனாங்க. எத்தனை மணிக்கு இருப்பாரு?"

"ஆறு மணிக்குக் கொல்லைக்குப் போயிடுவாரு…"

"அப்ப அஞ்சரைக்குப் போவோம்."

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும். களத்தில் தொடங்கிவிட்ட வேலையைத் தொடரலாம். கடப்பாரை படாத இடத்தில் புது வேலை தொடங்க முடியாது. குறை கேட்கப் புறப்பட்டிருக்கும் எம்.எல்.ஏ.வுக்கு அந்தக் குறையைத் தீர்க்க மிச்சமிருப்பது சில வாரங்கள்தான். அதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் வண்டிக் கதவைச் சாத்துவதற்குள் அக்கா சொல்லிவிடுகிறார்:

"பேசுறதோட வந்துராதீங்கண்ணே. கையோட எழுதி வாங்கி, ஒரு லோடு மண்ணையாவது கொட்டிடுங்க. தேதி அறிவிச்சா உங்க ஆபீசைப் பூட்டி சீல் வெச்சுருவாங்க. அப்புறம் இந்தத் தெருவுல ஓட்டு கேக்க வரவேண்டியவ நான்தான்."